மானிட்டர்ல புள்ளி தெரியுதா? ரெசல்யூஷனும் டிஸ்ப்ளே செட்டிங்கும் சரி பண்ற வழி

கோத்தகிரில சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, டீத்தூள் பாக்கெட் லேபிள், தைல பாட்டில் ஸ்டிக்கர், இதான் நம்ம பொழப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பத்திரிகைல திருமணம்னு வரவேண்டியது திருமனம்னு போயிருச்சு. 500 காப்பி. டைப் அடிச்சதும் நான், ப்ரூஃப் பாத்ததும் நான், ரெண்டு தடவ பாத்தேன் ஆனா கண்ணுல படல. பொண்ணோட தாய்மாமா கடைக்கே வந்து "ஏன் தம்பி, எங்க வீட்டு மணத்துக்கு மட்டும் ஒரு சுழி கொறைவா"ன்னு கேட்டாரு பாருங்க, அத இன்னிக்கும் மறக்க முடியல. திருப்பி அடிச்சு குடுத்தேன், காசு வாங்கல.

அப்புறம் உக்காந்து பாத்தா விஷயம் இதான். லீவுக்கு வந்த அக்கா பையன் கேம் ஆட ரெசல்யூஷனைக் கொறச்சு வச்சுட்டு போயிருக்கான், 1920×1080 இருக்க வேண்டிய மானிட்டர்ல 1366×768 ஓடிட்டிருக்கு. நானும் எழுத்து பெருசா நல்லாத்தானே இருக்குன்னு மூணு மாசமா அதுலயே வேலை பாத்திருக்கேன். பெருசா இருந்துச்சு, ஆனா கொழகொழன்னு இருந்துச்சு, ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் அந்தக் கொழகொழப்புல காணாம போயிருச்சு. இங்கிலீஷ்ல கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஒப்பேத்திரலாம், நம்ம எழுத்துல ஒரு சுழி போச்சுன்னா வேற எழுத்து, ஒரு புள்ளி போச்சுன்னா வேற சத்தம். அதனால தமிழ்ல டைப் பண்றவங்க, படிக்கிறவங்க யாரா இருந்தாலும் இத ஒரு தடவ சரி பண்ணி வச்சுக்கங்க, பத்து நிமிஷ வேலைதான்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இப்ப இருக்கற தட்டை மானிட்டர் எல்லாத்துலயும் புள்ளிகள் கணக்கா பதிச்சு வந்திருக்கு, 1920×1080-ன்னா குறுக்க 1920 கட்டம், மேல இருந்து கீழ 1080 கட்டம், மொத்தம் சுமார் 20.7 லட்சம், ஒண்ணு கூட்டவும் முடியாது கொறைக்கவும் முடியாது. இதான் நேட்டிவ் ரெசல்யூஷன். பழைய டப்பா மானிட்டர் இப்படி கெடையாது, அதுல நீங்க எந்த ரெசல்யூஷன் வச்சாலும் ஓரளவுக்கு ஒண்ணுபோல தெரியும், அந்தக் காலத்துப் பழக்கத்துலதான் இன்னமும் நெறைய பேரு எழுத்து சின்னதா இருந்தா ரெசல்யூஷனைக் கொறைக்கிறாங்க. தட்டை மானிட்டர்ல 1366 வச்சா என்ன ஆகும்? 1366 புள்ளி படத்த 1920 கட்டத்துல பரப்பணும், ஒரு புள்ளிக்கு ஒண்ணே கால் கட்டத்துக்கும் மேல, கிட்டத்தட்ட 1.4 கட்டம் வருது, அரைக்கட்டத்துக்கு பாதி வெளிச்சம் எல்லாம் குடுக்க முடியாதுல்ல, அதனால பக்கத்துக் கட்டத்தோட கலந்து பூசி விடுது. மெய்யெழுத்தோட புள்ளிதான் மொதல்ல அடிவாங்கும்.

சோதிச்சுப் பாக்க ஒரு சுலபமான வழி சொல்றேன். நோட்பேட தொறந்து, ஃபான்ட் நிர்மலா யுஐ, சைஸ் 10 வச்சு ண ன ந, க் ங் ஞ் ட், அப்புறம் ஊ ஔ ணூ னூ இதெல்லாம் ஒரு வரி அடிங்க. வழக்கமா உக்கார்ற தூரத்துல இருந்து பாருங்க, மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க. ண-வுல மூணு சுழி எண்ண முடியணும், க் மேல இருக்கற புள்ளி தனியா நிக்கணும், தலையோட ஒட்டிக்கிட்டு ஒரு கரும்புகையா இருக்கக்கூடாது. நின்னா நீங்க இதுக்கு மேல படிக்கணும்னு அவசியமே இல்ல. நிக்கலன்னா வாங்க.

விண்டோஸ் டெஸ்க்டாப்ல காலியா இருக்கற எடத்துல ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ். கீழ டிஸ்ப்ளே ரெசல்யூஷன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல ஒண்ணுக்கு பக்கத்துல மட்டும் ரெகமெண்டட்னு போட்டிருக்கும், பெரும்பாலும் அதான் உங்க மானிட்டரோட நேட்டிவ். அத வைங்க. வச்சதும் கீப் சேஞ்சஸ் கேக்கும், 15 செகண்ட் ஒண்ணும் பண்ணாம இருந்தா அதுவே பழையபடி திரும்பிரும், அதனால ஸ்க்ரீன் கருப்பா போனாலும் பதறி பவர் பட்டன அமுக்காதீங்க, கைய கட்டிட்டு உக்காந்திருங்க.

இப்ப எழுத்து சின்னதாயிரும், கண்டிப்பா ஆகும். இங்கதான் எல்லாரும் தோத்துப் போயி பழைய ரெசல்யூஷனுக்கே ஓடிர்றாங்க. ஓடாதீங்க, அதே பக்கத்துல ரெசல்யூஷனுக்கு மேலயே ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 100, 125, 150, 175-ன்னு. அதக் கூட்டுங்க. ரெசல்யூஷனைக் கொறச்சா படத்த இழுத்துப் பெருசாக்குது, ஸ்கேல கூட்டினா எழுத்தையே பெரிய சைஸ்ல புதுசா வரையுது, இது ரெண்டும் ஜெராக்ஸ்ல என்லார்ஜ் பண்றதுக்கும் பெரிய ஃபான்ட்ல திருப்பி பிரின்ட் எடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். எங்க ஊர்ல டீ இலை கணக்கு எழுதற ஒரு மாமா இருக்காரு, வயசு அறுபத தாண்டிருச்சு, "கண்ணு, எழுத்தெல்லாம் எறும்பு போற மாதிரி இருக்குது"ன்னு சொல்லி 1024×768-ல வச்சு ஓட்டிட்டிருந்தாரு, எல்லாம் பக்கவாட்டுல இழுத்து குண்டு குண்டா. நேட்டிவ் வச்சு ஸ்கேல் 150 போட்டுக் குடுத்தேன், கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு திருப்பிப் பாத்தாரு. கஸ்டம் ஸ்கேலிங்னு 130, 140 எல்லாம் கையால போட ஒரு வசதி இருக்கு, அதுல கைய வைக்காதீங்க, சில விண்டோ கோணலாயிரும். எழுத்து மட்டும் பெருசானா போதும்னா அக்ஸஸிபிலிட்டிக்குள்ள டெக்ஸ்ட் சைஸ் இருக்கு, அது தனி. வெப்சைட் மட்டும்தான் சின்னதா தெரியுதுன்னா கன்ட்ரோல் பட்டன புடிச்சுட்டு பிளஸ் அமுக்குங்க, முடிஞ்சுது.

ஸ்கேல் மாத்தினதும் ஒரு தடவ சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க, இல்லன்னா சில புரோகிராம் அரைகுறையா மங்கலா நிக்கும். பேஜ்மேக்கர் மாதிரி பழைய சாஃப்ட்வேர் (எங்க தொழில்ல அத இன்னும் விட முடியல, அதுக்குன்னே இருக்கற பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் அதுலதான் பழகிருச்சு) அப்பவும் மங்கலாத்தான் இருக்கும், அதுக்கு ஸ்கேலிங்னா என்னன்னே தெரியாது. அந்த ஐகான ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, அதுல சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், அடியில ஓவர்ரைடுனு ஒரு டிக் பாக்ஸ். டிக் போட்டு அப்ளிகேஷன்னு வச்சா எழுத்து கூர்மையாயிரும் ஆனா மெனு பொடிசாயிரும், சிஸ்டம் என்ஹான்ஸ்டுன்னு வச்சா சைஸ் இருக்கும், கூர்மை சுமாரா இருக்கும். நான் மொதல்லத்ததான் வச்சிருக்கேன், மெனு எங்க இருக்குன்னு கைக்கே தெரியும்.

அதுக்கப்புறம் ஸ்டார்ட்ல கிளியர்டைப்னு தேடினா ஒரு சின்ன ட்யூனர் வரும், எழுத்து மாதிரிகளக் காட்டி எது நல்லாருக்குன்னு கேக்கும், அஞ்சாறு கேள்விதான். இத நேட்டிவ் வச்ச பிறகு மட்டும் பண்ணுங்க, முன்னாடி பண்ணா வேஸ்ட்.

சரி, ரெகமெண்டடே தப்பா வருது, இல்ல 1024×768-க்கு மேல பட்டியல்லயே எதுவும் இல்லன்னா? பெரும்பாலும் விண்டோஸ் புதுசா போட்டவங்களுக்கு இது வரும், கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைய ஓட்டற சாஃப்ட்வேர், ஏறியிருக்காது. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ தொறந்து பாருங்க, மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு இருந்தா அதான் கதை, இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ அதோட டிரைவர இறக்கிப் போடணும். அதே மேனேஜர்ல மானிட்டர்ஸ் கீழ ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்னு இருந்தா கேபிள சந்தேகப்படுங்க. மானிட்டர் தன்னோட சைஸ் என்ன ரெசல்யூஷன் என்னன்னு கேபிள் வழியாத்தான் கம்ப்யூட்டருக்கு சொல்லுது, விஜிஏ கேபிள்ல அதுக்குன்னு இருக்கற பின் ஒடஞ்சிருந்தா படம் வரும் தகவல் வராது. நீலக் கலர் தலை வச்ச விஜிஏ-வ முடிஞ்சா தூக்கிப் போட்டுட்டு எச்டிஎம்ஐ இல்ல டிஸ்ப்ளேபோர்ட் மாட்டுங்க. விஜிஏ மட்டும்தான் இருக்குன்னா மானிட்டர் பட்டன்ல ஆட்டோ அட்ஜஸ்ட்னு இருக்கும், திரை முழுக்க எழுத்து நெறைஞ்ச ஒரு பக்கத்தத் தொறந்து வச்சுட்டு அத அமுக்குங்க, காலி டெஸ்க்டாப்ல அமுக்கினா அதுக்கு அளந்து பாக்க ஒண்ணும் இருக்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுட்டு மானிட்டர் கேபிள மட்டும் மதர்போர்டுலயே சொருகி வச்சிருக்கறவங்களையும் பாத்திருக்கேன், சிரிக்காதீங்க, நீங்களும் ஒரு தடவ பின்னாடி எட்டிப் பாத்துருங்க.

புது மானிட்டர் வாங்கப் போறவங்களுக்கு. நாம மானிட்டர் வாங்கணும்னா கீழ மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போகணும், திருப்பிக் குடுக்கணும்னா மறுபடி ஒரு நாள் போச்சு, அதனால போறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுட்டு போங்க. இன்ச்சும் ரெசல்யூஷனும் சேந்துதான் கணக்கு. 24 இன்ச்சுல 1920×1080-ன்னா ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி வரும், அதயே 27 இன்ச்சுல வாங்கினா 82-க்கு எறங்கிரும், பெருசா வாங்கினோம்னு சந்தோஷப்பட்டு வந்து பாத்தா எழுத்தோட ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். 27-க்கு 2560×1440 சரியான ஜோடி, 109 புள்ளி வருது, ஸ்கேல் 100-லயே ஓடும். 27-ல 4கே, அதாவது 3840×2160, எடுத்தா 163, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், ஆனா ஸ்கேல் 150 வச்சே ஆகணும், எஃப்எச்டி, அதாவது 1920×1080, மாதிரி நாலு மடங்கு புள்ளி, பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். தமிழ் டைப் பண்றதுதான் முழுநேர வேலைன்னா என் கட்சி 27 இன்ச் 1440. கணக்கு வழக்கு, ஆன்லைன் அப்ளிகேஷன் போடறது இதுக்கெல்லாம் 22 இல்ல 24 இன்ச் எஃப்எச்டி தாராளம், அதுக்கு மேல செலவு பண்ற காசுல ஒரு யுபிஎஸ் வாங்கலாம், ஐப்பசி மழைல மரம் விழுந்து கரண்டு போற ஊருல்ல இது.

கடைல ஒரு வார்த்தைய கவனிங்க, சப்போர்ட். 4கே சப்போர்ட்னு சொன்னா 4கே சிக்னல் வந்தா வாங்கிக்கும்னுதான் அர்த்தம், உள்ள அத்தன புள்ளி இருக்குன்னு இல்ல. நான் கேட்டு ஏமாந்தது கீழ ஒரு கடைல, 32 இன்ச் டிவியவே மானிட்டரா போட்டுக்கலாம், ஃபுல் எச்டி சப்போர்ட் சார்னாங்க. தூக்கிட்டு வந்து பாத்தா பேனல் 1366×768. நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவுன்னு அந்த வார்த்தையச் சொல்லியே கேளுங்க, டப்பால தேடிப் பாருங்க. ஏற்கனவே வீட்டுல இருக்கற டிவிய மாட்டறீங்கன்னா ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறஞ்சு போகும், அது ரெசல்யூஷன் தப்பு இல்ல, டிவி படத்த கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெட்டுது. டிவி மெனுல படத்தோட சைஸ் இருக்கற எடத்துல ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி ஏதாவது பேர்ல ஒண்ணு இருக்கும், அத வைங்க. இன்புட் பேர பிசின்னு மாத்த வழி இருந்தா மாத்துங்க, நெறைய டிவில சிவப்பு எழுத்தெல்லாம் அதுக்கப்புறம்தான் தெளியும்.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை செகண்டுக்கு எத்தன தடவ படத்த புதுப்பிக்குதுங்கறது, அதப் பத்தி ஒரே விஷயம். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேக்குள்ள இருக்கும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60-லயே ஓட்டறவங்க நெறைய, ஏத்தி விடுங்க. 4கே மாட்டினதும் மவுஸ் இழுத்து இழுத்து நகந்தா 30-ல ஓடுதுன்னு அர்த்தம், எச்டிஎம்ஐ 1.4 போர்ட்ல 4கே-க்கு அவ்வளவுதான் முடியும், 60 வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 இல்லன்னா டிஸ்ப்ளேபோர்ட்.

பக்கத்து ஊர் ஸ்கூல் டீச்சரக்கா ஒருத்தங்க லேப்டாப்ப தூக்கிட்டு வந்தாங்க, ப்ரொஜெக்டர் மாட்டினாலே என் ஸ்க்ரீன் கெட்டுப் போயிருது தம்பின்னு. கெட்டுப் போகல, டூப்ளிகேட்ல வச்சிருந்தாங்க. ரெண்டு திரைலயும் ஒரே படம்னா ரெண்டுக்கும் ஒத்துவர்ற ரெசல்யூஷனுக்குத்தான் எறங்கணும், ப்ரொஜெக்டர் 1024×768-ன்னா லேப்டாப்பும் அங்கதான் நிக்கும். விண்டோஸ் பட்டனும் பி-யும் சேத்து அமுக்கி எக்ஸ்டெண்ட் வச்சா ரெண்டும் அதது நேட்டிவ்ல ஓடும், ஸ்லைட ப்ரொஜெக்டர் பக்கமா இழுத்து விட்டுட்டு குறிப்பு இங்க வச்சுக்கலாம்.

இப்ப பிரைட்னஸ். நம்ம ஊருக்குன்னு தனியா சொல்ல வேண்டியது இதான், சமவெளில இருக்கறவங்க ஒரு தடவ வச்சுட்டு மறந்துரலாம், இங்க முடியாது. காலைல பத்து மணிக்கு ஜன்னல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், பதினொண்ணுக்கு மிஸ்ட் எறங்கிரும், ஜன்னல் பூரா வெள்ளத்துணி கட்டின மாதிரி, அரை மணி நேரத்துல அதுவே கருத்து ரூம்ல லைட் போடற மாதிரி ஆயிரும். காலைல வெயிலுக்கு வச்ச 80 பிரைட்னஸ் மத்தியானம் மூஞ்சில டார்ச் அடிக்கும். சாயங்காலம் கண்ணு எரியுது தலை வலிக்குதுன்னா பல பேருக்கு காரணம் இதுவா இருக்கும். அளவு எப்படின்னா, ஒரு வெள்ளப் பேப்பர மானிட்டர் பக்கத்துல புடிங்க, ஸ்க்ரீன்ல காலி வேர்ட் பக்கம் இருக்கட்டும். ஸ்க்ரீன் விளக்கு மாதிரி ஜொலிச்சா கொறைங்க, பேப்பரவிட சாம்பலா இருந்தா கூட்டுங்க, ரெண்டும் ஒரே மாதிரி வர்ற எடம்தான் அந்த நேரத்துக்கு சரி. எங்கிட்ட மிஸ்டுக்கு ஒரு நம்பர் வெயிலுக்கு ஒரு நம்பர் இருக்கு. மானிட்டருக்குப் பின்னாடி ஜன்னல் வர்ற மாதிரியும் வைக்காதீங்க, ஜன்னல முதுகுல வச்சும் உக்காராதீங்க, ஜன்னல் பக்கவாட்டுல வரட்டும், கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம், திரையோட மேல் ஓரம் கண்ணு மட்டத்துக்கு கொஞ்சம் கீழ. கான்ட்ராஸ்ட் கம்பெனி வச்ச எடத்துலயே இருக்கட்டும். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈக்கோ இதெல்லாம் அணைச்சிருங்க, நீங்க பேப்பர் வச்சு அளந்தத அது தன் இஷ்டத்துக்கு ஆட்டும். ஷார்ப்னஸ ரொம்ப ஏத்தி வச்சிருந்தா எழுத்தச் சுத்தி வெள்ளக் கோடு விழும், சுழி அடைஞ்சுக்கும், அது மறையற வரைக்கும் எறக்குங்க.

கலர் வேலை இல்லாதவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிரலாம். நெறைய மானிட்டர் கடைல இருந்து வரும்போதே கூல்னு நீலமா வரும், பாக்க பளிச்னு இருக்கும். அதுல ஒரு டீத்தூள் லேபிள் பண்ணினேன், கிளாஸ்ல இருக்கற டிகாஷன் நல்ல செம்பொன் கலர்னு நெனச்சு அனுப்பினா அச்சுல வந்தது ரத்தச்செவப்பு, நீலம் தூக்கலா இருந்ததுக்கு நான் சிவப்ப ஏத்தி ஏத்தி சரிக்கட்டியிருக்கேன். மானிட்டர் மெனுல எஸ்ஆர்ஜிபி மோட் இருந்தா அத வைங்க, இல்லன்னா கலர் டெம்பரேச்சர் 6500 இல்ல வார்ம். ராத்திரி கண்ணுக்கு நைட் லைட் போடறது நல்லதுதான், ஆனா கலர் பாக்கறப்ப அணைக்க மறந்தா கதை கந்தல்.

இன்னொண்ணு, குளிரு. மார்கழி தை காலைல மானிட்டர போட்ட உடனே எந்த செட்டிங்கயும் தொடாதீங்க. குளிர்ல உள்ள இருக்கற லிக்விட் கிரிஸ்டல் மந்தமாயிரும், ஸ்க்ரோல் பண்ணா எழுத்து பின்னாலயே நிழல் மாதிரி இழுத்துட்டு வரும், பழைய ட்யூப் பேக்லைட் மானிட்டர்னா வெளிச்சமே செக்கச்செவேல்னு மங்கலாத்தான் தொடங்கும். மானிட்டர் போச்சுன்னு ஊட்டில இருந்து ஒருத்தரு ஜீப்ல தூக்கிட்டே வந்துட்டாரு, கடைல டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரியாயிருச்சு. அரை மணி நேரம் ஓட விட்டுட்டு பிரைட்னஸ் கலர் பாருங்க. ராத்திரி பூரா வண்டில கெடந்து சில்லுன்னு ஆன மானிட்டர அடுப்பு எரியற வீட்டுக்குள்ள கொண்டு வந்த உடனே சொருகாதீங்க, கண்ணாடில வேர்க்கற மாதிரி உள்ளயும் வேர்த்திருக்கும், ரெண்டு மணி நேரம் காயட்டும்.

ஏதோ மாத்தப் போயி அவுட் ஆஃப் ரேஞ்ச்னு ஒரு பெட்டி மட்டும் மிதந்துட்டு வேற ஒண்ணும் தெரியலன்னா வேற மானிட்டர் இல்ல டிவி ஒண்ண மாட்டி ரெசல்யூஷனைக் கொறச்சுட்டு திரும்பி வாங்க. விண்டோஸ் 10, 11-ல லாகின் பக்கம் வரைக்கும் தெரிஞ்சா ஷிஃப்ட்ட புடிச்சுட்டு ரீஸ்டார்ட், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போனா லோ ரெசல்யூஷன் வீடியோன்னு ஒண்ணு இருக்கும், அதுல தொறந்து சரி பண்ணிக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் ரெசல்யூஷன், ஸ்கேல், மிஸ்ட் பிரைட்னஸ், வெயில் பிரைட்னஸ் நாலு நம்பரையும் ஒரு துண்டு ஸ்டிக்கர்ல எழுதி மானிட்டர் முதுகுல ஒட்டிருங்க. லீவுக்கு அக்கா பையன் மறுபடி வருவான்.